74 பேர், ஒரு வீடு, மூன்று நாள்: கோடையில் குடும்பம் கூடுவது பற்றி ஒரு கேள்வி

காலடிப்பேட்டைப் பேத்தி (மார்ச் 8):

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் இரண்டாவது வார இறுதியில், வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை, எங்கள் குடும்பம் முழுவதும் ஒன்றுகூடுவதாக முடிவாகி, ஏற்பாடுகள் அத்தனையும் என் தலையில் விழுந்திருக்கின்றன. என் ஆயாவுக்கு இப்போது 86 வயது. அவருடைய நான்கு மகன்கள், மூன்று மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரப் பிள்ளைகள் என்று விரல் விட்டு எண்ணி முடித்தபோது 74 பேர் தேறினோம். அவர்களில் 19 பேர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். தாத்தாவும் ஆயாவும் 1964-இல் கைக்குழந்தையோடு ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். பர்மாவில் கடைகண்ணிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பின்னர் தாத்தா அதே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்துக் காலடிப்பேட்டையில் கட்டிய வீட்டில்தான் ஆயா இன்றும் இருக்கிறார்.

2019-இல் இதே போல் ஒருமுறை கூடினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியை எடுத்திருந்தோம். குளிர்ந்த அறைகள், நீச்சல் குளம், வேளை தவறாத சாப்பாடு என்று குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஆயா மட்டும் கீழே வரவேற்பறைச் சோபாவில் தனியாக உட்கார்ந்து, "எல்லாரும் எங்கடி போயிட்டாங்க?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இம்முறை ஆயாவின் வீட்டிலேயே கூடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்து எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். இப்போது அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டில் கீழ்த்தளம், முதல் தளம், மொட்டை மாடி ஆகியவை உண்டு, கழிப்பறைகள் இரண்டே. சிலர் பக்கத்திலுள்ள உறவினர் வீடுகளில் தங்கிக்கொள்வார்கள் என்றாலும், பகல் முழுவதும் 74 பேரும் இங்கேதான் இருப்பார்கள். வெயில், தண்ணீர், சமையல் ஆகியவை ஒரு பக்கம் இருக்க, என் பெரியப்பா ஒருவரும் சித்தப்பா ஒருவரும் ஒன்றரை ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பது இன்னொரு பக்கம். வந்தவர்கள் உண்மையிலேயே மகிழ்ந்து திரும்ப வேண்டும். அதே வேளையில் நடத்துகிறவர்களும் அதில் கொஞ்சமாவது மகிழ வேண்டும். இப்படிப்பட்ட கூட்டத்தைக் கோடையில், வடசென்னையில், வீட்டிலேயே நடத்திப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

கல்மண்டபம்காரர் (மார்ச் 8):

எங்கள் பங்காளிகள் கூட்டத்தை ராயபுரத்தில் ஆறு கோடைகள் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன் அம்மா. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாட்கள் அக்னி நட்சத்திரத்துக்குள் வருகின்றன. மே 4 அளவில் தொடங்கி 28 அளவில் முடியும் அந்தக் கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. 2003 மே மாத இறுதியில் 45 டிகிரி வரை போனதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளி விடுமுறையை விட்டால் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்பதால் நாளை மாற்றச் சொல்லவில்லை; பொழுதை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன். வெளியே போக வேண்டிய வேலைகளைக் காலை 9 மணிக்குள்ளும் மாலை 5 மணிக்குப் பிறகும் வைத்துக்கொண்டு, நண்பகல் முதல் நான்கு மணி வரை எந்த நிகழ்ச்சியும் வைக்காமல் விட்டுவிடுங்கள். பாட்டுப் போட்டி, பரிசளிப்பு, வரவேற்புரை என்று யாராவது நிகழ்ச்சி நிரல் தயாரித்துக்கொண்டு வருவார்கள். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அவரிடம் இரவு எட்டு மணியைக் கொடுத்துவிட்டுப் பகலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். நான் கண்ட வரையில் அண்ணன் தம்பிகள் மனம் விட்டுப் பேசிக்கொண்டதெல்லாம் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரையில் ஈரத்துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த மதியங்களில்தான்.

கடலுக்கு இவ்வளவு அருகில் வீடு இருப்பது உங்களுக்கு வாய்த்த வரம். தரை சூடேறச் சூடேறக் கடலிலிருந்து காற்று உள்ளே வரத் தொடங்கும்; அது கரையோரத்துக்கு முதலில் வந்து, பிறகுதான் அண்ணாநகருக்கும் அம்பத்தூருக்கும் போகும். மேற்குக் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் மட்டும் கடற்காற்று தாமதமாகும், சில நாள் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த நாளில் பெரியவர்களை மாடிப் பக்கமே விடாதீர்கள். மொட்டை மாடியில் மாலை ஐந்தரைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகிவிடும். ஆறரைக்கு மறுபடி ஊற்றிய பிறகுதான் பாய் விரிக்க வேண்டும். முதல் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு பாய் போட்ட ஆண்டில் என் மைத்துனர் படுத்த வேகத்தில் எழுந்துவிட்டார். அவருடைய முதுகைப் பற்றிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

ஏர் கூலர் வாடகைக்கு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வறண்ட ஊர்களில் அது குளிர்ச்சி தரும். நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் புழுக்கத்தைத்தான் கூட்டும். பெரிய நிற்கும் மின்விசிறிகள் நான்கு எடுத்தால் போதும். ஏ.சி. இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். அப்படிச் செய்த ஓர் இரவில் எங்கள் வீட்டு ஃப்யூஸ் உருகி, நாற்பது பேர் விசிறி மட்டையோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். தண்ணீருக்கு 9,000 லிட்டர் லாரி ஒன்றை முதல் நாள் காலையில் வரும்படி முன்பே பதிவு செய்துவிடுங்கள். லாரி உங்கள் தெருவுக்குள் திரும்புமா, குழாய் தொட்டி வரை எட்டுமா என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள். கழிப்பறைக்கு வழி, அண்டை வீட்டார்தான். பக்கத்து வீடுகள் இரண்டில் காலை நேரத்துக்கு மட்டும் இடம் கேளுங்கள்; கேட்கப் போகும்போதே மூன்று நாள் சாப்பாட்டுக்கும் அவர்களை அழைத்துவிடுங்கள்.

பணம் பற்றி ஒரு சொல். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் பிள்ளைகள் அதிகமுள்ள, வருமானம் குறைந்த வீடுதான் நசுங்கும். சம்பாதிக்கிற ஆளுக்கு இவ்வளவு என்று வையுங்கள். கூடுதலாகத் தருகிறவர் தரட்டும், ஆனால் அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், இந்த வாரமே எல்லோரையும் உஷார்ப்படுத்திவிடுங்கள். பேசாமலிருக்கும் அண்ணன் தம்பியைச் சேர்த்து வைக்கும் முயற்சியில் நீங்கள் இறங்க வேண்டாம். வீடு, பத்திரம், பங்கு ஆகிய பேச்சுகளை இந்த மூன்று நாளும் எடுக்கக் கூடாது என்று ஆயாவையே தொலைபேசியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் செய்ய முடியாது.

பெரம்பூர் மருமகள் (மார்ச் 9):

கல்மண்டபத்து ஐயா எழுதியவை எல்லாம் சரிதான். ஆனால் அடுப்படியைப் பற்றி ஒரு வரிகூட அவர் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். அதனால் அதை நான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிறந்த வீட்டில் நாற்பது பேர் கூடினோம். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தோம் என்றுதான் நானும் பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அம்மாவுக்காக ஒரு நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் போடலாம் என்று கைப்பேசியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அம்மா ஒன்றில்கூட முகம் காட்டவில்லை. ஒரே ஒரு படத்தில், கேக் வெட்டும் கூட்டத்துக்குப் பின்னால், அடுப்படி வாசலில் அவருடைய முதுகும், இடுப்பில் செருகிய முந்தானையும், கையில் ஒரு வடிதட்டும் தெரிந்தன. அந்தப் படத்தை எடுத்தவளே நான்தான்.

ஆகவே சமையலை வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது. காலைக்கு உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ இட்லி சுட்டு விற்கும் அம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் நாளுக்கு 300 இட்லி என்று முன்பே சொல்லி, வடைகறியும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மதியத்துக்குப் பிரியாணி மாஸ்டரை வரவழைத்து வாசலில் விறகடுப்பு போடச் சொல்லுங்கள். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்பது எங்கள் கணக்கு. 74 பேரில் 19 பேர் சிறுவர் என்றால் எட்டு கிலோ அரிசியும் அதே எடைக்கு ஆட்டுக்கறியும் போதும். வெங்காயப் பச்சடி, கத்தரிக்காய், பிரெட் அல்வா ஆகியவை அவர் கணக்கிலேயே வந்துவிடும். தம் உடைத்த இரண்டு மணி நேரத்துக்குள் தேக்சா காலியாகிவிட வேண்டும். இந்த வெயிலில் மிச்சப் பிரியாணியை இரவுக்கு எடுத்து வைக்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. ஒரு மாலைக்கு அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், போடுகிறவர் ஒருவரைத் தள்ளுவண்டியோடு வாசலுக்கு வரச் சொல்லுங்கள். ரங்கூனிலிருந்து வந்த குடும்பத்துக்கு நான் அத்தோவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெங்களூரில் பிறந்த உங்கள் கொள்ளுப்பேரன்களுக்கு அதோடு தரும் வாழைத்தண்டு சூப்பின் வாசனை தெரிந்திருக்காது அல்லவா?

வீட்டில் செய்துதான் ஆக வேண்டிய வேலைகளுக்குச் சீட்டுக் குலுக்குங்கள். ஆண், பெண், மாப்பிள்ளை, சம்பந்தி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாப் பெயரையும் ஒரே டப்பாவில் போட வேண்டும். காலைக் காபி, பாத்திரம், தண்ணீர் கேன், கழிப்பறை சுத்தம், குழந்தைகளைக் குளிப்பாட்டுவது என்று வேளைக்கு ஐந்து பேர் போதும். முதல் நாள் மாப்பிள்ளைமார் கொஞ்சம் முறைப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். இன்னொன்று: படம் எடுக்கும் பொறுப்பு யாருக்கு வந்தாலும், ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன் 74 பேரும் ஒரு படத்திலாவது முகத்தோடு இருக்கிறார்களா என்று பட்டியலோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மணலிக்காரன் (மார்ச் 9):

எல்லோரும் வீட்டுக் கூட்டத்தைப் புகழ்வதால், மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். விடுதியில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டதற்குக் காரணம் விடுதி மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். முட்டி தேய்ந்த பெரியவர்களுக்கு மேல்நாட்டுக் கழிப்பறை, கைப்பிடி, இரவில் தடையில்லாத தூக்கம் ஆகியவை ஆடம்பரம் அல்ல. என் தந்தையார் உறவினர் வீட்டுக் கூட்டத்தில் இரவில் எழ வேண்டி வருமே என்ற பயத்தில் மாலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருந்து, மறுநாள் மயங்கி விழுந்தார். வயதானவர்களுக்குத் தாகம் எளிதில் தெரியாது. கூச்சமும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகிவிடும். வீட்டில்தான் என்று முடிவானால், எழுபதைக் கடந்தவர்களுக்கு மட்டும் கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறையைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மணிக்கு ஒருமுறை அவர்கள் கையில் மோரோ தண்ணீரோ கொடுக்கும் வேலையை ஒரு பெரிய பையனிடம் ஒப்படையுங்கள். பானகம் நல்லதுதான், ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர் யார், உப்பைக் குறைக்க வேண்டியவர் யார் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காசிமேட்டுக்காரன் (மார்ச் 10):

மீன் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. உங்கள் கூட்டம் சரியாக அதற்குள் வருகிறது. அந்த நாட்களில் சந்தையில் பெரிய வஞ்சிரம் கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் கேரளப் பக்கத்திலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும்; மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். 74 பேருக்கு வஞ்சிர வறுவல் போட வேண்டும் என்ற திட்டம் இருந்தால் மறந்துவிடுங்கள். ஃபைபர் படகுகள் கரையோரத்தில் போய் வருவதற்குத் தடை இல்லை. விடியற்காலையில் எங்கள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து, அன்று அந்தப் படகுகளில் என்ன விழுந்ததோ அதை வாங்குங்கள். நெத்திலி கிடைத்தால் அள்ளிக்கொண்டு போங்கள். பொடி மீன் குழம்புக்கு முன்னால் வஞ்சிரம் நிற்காது என்பது என் தாழ்மையான கருத்து.

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பங்கள் கூடுவதும் இந்தத் தடைக்காலத்தில்தான். வருடம் முழுவதும் ஆழ்கடலில் கிடக்கும் ஆட்கள் மொத்தமாக வீட்டிலிருப்பது அப்போதுதான். காலையில் படகுக்கு வர்ணம் பூசுவது, வலை பின்னுவது. மாலையில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் ஒரே வலையைச் சுற்றி உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டே பேசுவது. கைக்கு ஒரு வேலை இருந்தால் எங்கள் ஆட்களுக்கு வாய் தானாகத் திறக்கும். சும்மா நாற்காலி போட்டு எதிரெதிரே உட்கார வைத்தால் ஒருவரும் பேச மாட்டார்கள். உங்கள் பெரியப்பா, சித்தப்பா விஷயத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. கூட வந்த பிள்ளைகளை நம் பக்கத்துக் கடலில் குளிக்க மட்டும் விடாதீர்கள். கரை நெடுகக் கருங்கல் கொட்டிய இடங்களில் அலை இழுத்தால் பிடிக்க எதுவும் இருக்காது.

கொருக்குப்பேட்டை மாணவி (மார்ச் 10):

நான் கல்லூரியில் படிப்பவள்; எனவே பெரியவர்கள் குறை சொல்லும் 'கைப்பேசித் தலைமுறை' சார்பில் எழுதுகிறேன். தயவுசெய்து கைப்பேசிகளைப் பிடுங்கிக் கூடையில் போடும் விளையாட்டை வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் வைத்தார்கள். கூடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாறாக அந்தக் கைப்பேசியிலேயே வேலை கொடுங்கள். ஆயாவின் கதையைப் பதிவு செய்யும் பொறுப்பை பதினைந்து முதல் இருபது வயது வரையிலான பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எந்த ஆயாவும் "என்னத்த சொல்றது" என்றுதான் சொல்வார். கப்பலில் முதல் நாள் என்ன சாப்பிட்டீர்கள், பெட்டிக்குள் என்ன வைத்திருந்தீர்கள், எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று பொருளைப் பிடித்துக் கேட்டால் பேச்சு வரும். பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றில் இருப்பவர்களின் பெயரை ஆயா சொல்லச் சொல்லப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை சில காலத்தில் முன்பக்கம் ஊறிவிடும்.

சிறுவர்களுக்கு முறை கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று சொல்கிறேன். இப்போது நாங்கள் எல்லோரையும் 'கசின்', 'அங்கிள்' என்ற இரண்டு மூட்டைக்குள் கட்டிவிட்டோம். பெரியப்பா மகன் அண்ணனாகிறான், மாமன் மகன் மச்சானாகிறான் என்பதே பல குட்டிகளுக்குத் தெரியாது. சீட்டில் கேள்வி எழுதிக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, "அம்மாவுடைய அத்தையின் மகன் உனக்கு என்ன முறை?" முக்கால்வாசிப் பேர் மாமா என்று சொல்வார்கள். அது தவறு. அம்மாவுக்கு அவர் கட்டிக்கொள்ளும் முறை. எனவே பிள்ளைக்கு அவர் பெரியப்பா அல்லது சித்தப்பா. விடையைப் பெரியவர்கள் வாயாலேயே கேட்டு வர வேண்டும் என்று விதி வைத்தால், ஒரு சீட்டுக்குக் குறைந்தது நான்கு பெரியவர்களிடமாவது பிள்ளைகள் போய் நிற்பார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்காகப் பெரியவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளை ஒரு காலையில் மெட்ரோவில் அழைத்துப் போங்கள். 2021-இல் விம்கோ நகர் வரை வழி திறந்த பிறகு உங்கள் காலடிப்பேட்டையிலேயே நிலையம் இருக்கிறதே. வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து ராயபுரம் ரயில் நிலையத்தைக் காட்டலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்ட இடம் அது என்று சொன்னால், எங்கள் வீட்டுக் குட்டி ஒன்று "அப்போ டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டது. அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை தயாரித்துக்கொண்டு போங்கள்.

காலடிப்பேட்டைப் பேத்தி (மார்ச் 11):

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கூடுதல் கேள்வி. மீஞ்சூர் பக்கத்து மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் எல்லோரோடும் தரிசிக்க வேண்டும் என்று ஆயா ஆசைப்படுகிறார். பேருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்தால் முடியுமா?

கல்மண்டபம்காரர் (மார்ச் 11):

மூன்று கோயில் தரிசனம் பௌர்ணமியில் செய்வது வழக்கம். அதற்கு ஆயாவை ஐப்பசியிலோ தை மாதத்திலோ காரில் நிதானமாக அழைத்துப் போங்கள். கத்திரி வெயிலில், 19 சிறுவர்களோடு, மேலூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் அலைவது பக்தி ஆகாது. பக்கத்திலிருக்கும் வடிவுடையம்மனை ஒரு மாலையில் எல்லோரும் சேர்ந்து கும்பிடுங்கள். ஐந்தரைக்கு முன் போகாதீர்கள். பிராகாரத்துக் கல் வெறுங்காலுக்கு அதுவரை ஆறியிருக்காது. அடுப்படியை விட்டுவிட்டேன் என்று பெரம்பூர் மருமகள் சொன்னது உண்மை. என் மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன்; அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தது இன்னும் உறுத்துகிறது.

காலடிப்பேட்டைப் பேத்தி (மே 19):

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

74 பேரில் 68 பேர் வந்தார்கள். சிங்கப்பூர் அத்தை குடும்பத்தில் ஒருவருக்குத் தேர்வு என்பதால் அவர்கள் ஆறு பேரும் காணொலியில் மட்டும் தலையைக் காட்டினார்கள். தண்ணீர் லாரி தெருவுக்குள் திரும்பியது, ஆனால் குழாய் எட்டவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் தன் குழாயைக் கொண்டுவந்து இணைத்துக் கொடுத்தார். ஏர் கூலர் வேண்டாம் என்று நான் எவ்வளவு சொல்லியும், கோயம்புத்தூர் மாமா ஒன்றை வாங்கியே வந்துவிட்டார். இரண்டாம் நாள் காலை முதல் அது துணி உலர்த்தப் பயன்பட்டது.

சீட்டுக் குலுக்கியதில் முதல் சீட்டே பாத்திரம் தேய்ப்பது. வந்த பெயர் எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தேங்காய் நார் கேட்டார். அத்தையின் முகத்தை அப்போது படம் பிடிக்காமல் விட்டதுதான் எனக்குள்ள ஒரே வருத்தம். அம்மா மட்டும் கடைசி வரை அடுப்படியை விட்டு முழுதாக வெளியே வரவில்லை. வேலை இல்லாதபோதும் உள்ளே போய் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். ஆனாலும் இரவு தோறும் பட்டியலோடு ஒத்துப் பார்த்ததால் 31 படங்களில் இருக்கிறார்.

மதிய நேரத்தைச் சும்மா விட்டது நல்லதாயிற்று. ஆயா நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ள, ஒரு கூடை நுங்கை அவர் முன்னால் வைத்தோம். அவர் கட்டைவிரலால் கண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்து, வரிசையில் நின்ற பிள்ளைகளின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். வழுக்கி விழுந்ததைத் தரையிலிருந்து எடுத்துத் தின்றவனைப் பார்த்து அவனுடைய பெங்களூர் அம்மா பதறினார். பிறகு அவரும் வரிசையில் நின்றார். பெட்டியில் என்ன இருந்தது என்று பிள்ளைகள் கேட்டபோது ஆயா சொன்னது எங்கள் யாருக்கும் தெரியாத செய்தி. துணிகளுக்கு நடுவில் தாத்தா தன் கடைச் சாவியைச் சுருட்டி வைத்திருந்தாராம். கடை போய்விட்டது, சாவி எதற்கு என்று ஆயா கேட்டதற்குத் தாத்தா பதில் சொல்லவில்லையாம். சாவி இப்போது எங்கே என்று கேட்டோம். பரணில்தான் எங்கேயோ இருக்கும் என்றார். மூன்று பேரன்கள் உடனே ஏணி வைத்து ஏறி, தலை முழுக்க ஒட்டடையோடு வெறுங்கையாக இறங்கினார்கள்.

பெரியப்பா, சித்தப்பா விஷயத்தில் காசிமேட்டுக்காரர் எழுதியதை மனதில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் இரவு மாடியில் கேரம் போட்டி வைத்து, ஜோடிகளைச் சீட்டுக் குலுக்கியே தேர்ந்தெடுத்தோம். டப்பாவுக்குள் கையை விட்டவள் நான்தான் என்பதால், சீட்டு எப்படி விழுந்தது என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று ஆட்டம் வாய் திறக்காமலே ஆடினார்கள். இளவட்டங்களை வரிசையாகத் தோற்கடிக்கவும் செய்தார்கள். நான்காவது ஆட்டத்தில் சித்தப்பா ரெட்டைப் போட்டுவிட்டு எளிதான காயை விட்டுக் கடினமான காய்க்குக் குறி பார்த்தபோது, பெரியப்பா பொறுக்க மாட்டாமல், "டேய், ஃபாலோ அங்க இருக்குடா" என்று கத்திவிட்டார். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரியப்பா சொன்ன காயையே அடித்தார். ஊருக்குப் போகும்போது இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பெரியப்பாவின் பையைச் சித்தப்பாவின் மகன் ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போனான். சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நெத்திலி கிடைத்தது. ஆறு கிலோ வாங்கினோம். ஆய்வதற்குப் பதினோரு பேர் உட்கார்ந்தும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்றைய பேச்சுதான் மூன்று நாளிலும் சிறந்த பேச்சு என்று அத்தைமார் சொல்கிறார்கள். நான் அப்போது கோயில் போவதற்கான ஆட்டோ பேசிக்கொண்டிருந்ததால் அதைத் தவறவிட்டேன். காசிமேட்டுக்காரரே, குழம்பு பற்றி நீங்கள் சொன்னதை ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. தடை முடிந்து முதல் படகு வந்ததும் தனக்கு ஒரு வஞ்சிரத் துண்டு வேண்டும் என்கிறார். ஜூன் 15-க்குப் பிறகு எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தால் நல்ல மீன் கிடைக்கும் என்று எழுதுங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.